பிளாக் கெடைக்குமா சார்?

போன மாசம் திருநெல்வேலியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தே பாரத்துல திரும்பிட்டு இருந்தேன். கோவில்பட்டி தாண்டி சாத்தூருக்கு முன்னால சின்னதா ஒரு ஓடைப்பாலம் வரும், வண்டி மண்கரையில இருந்து பாலத்துல ஏறுற அந்த எடத்துல லேசா ஒரு அமுக்கு, அம்புட்டுதான், பொட்டியில யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்த எடத்துல நான் எத்தன தடவ ஜல்லி கொட்டியிருக்கேன்னு கணக்கே கெடையாது. பக்கத்து சீட்ல இருந்த தம்பி காலேஜ் படிக்கிறவரு போல, நான் ஜன்னல் பக்கம் எட்டி எட்டிப் பாக்குறதப் பாத்துட்டு பேச்சு குடுத்தாரு. ரெயில்வேயில பி-வே, அதாவது தண்டவாளப் பராமரிப்புப் பக்கம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன்னு சொன்னதும் அவரு கேட்ட மொத கேள்வி, "தண்டவாளம் எல்லாம் புதுசா மாத்தி டபுள் லைனும் போட்டாச்சுல்ல அங்கிள், பெறகு ஏன் 110-லயே போறான், 130-ல விட வேண்டியதுதான?"

விருதுநகர் வர்ற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். ஆனா சொல்லாம விட்டதுதான் நெறைய, அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

எங்கய்யா இதே பக்கத்துல மீட்டர்கேஜ் காலத்துல கீமேனா இருந்தவரு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு இப்ப வேலைக்கு வர்ற பையங்களுக்கே தெரியாது. அப்பல்லாம் தண்டவாளத்துக்கு அடியில தாங்குற ஸ்லீப்பர் இரும்பு, வார்ப்பு இரும்புக் கிண்ணத்தக் கவுத்து வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ரெண்டு, நடுவுல ரெண்டையும் சேக்குற கம்பியா ஒரு டை பார், தண்டவாளத்த அந்தக் கிண்ணத்தோட சேத்துப் புடிக்கிறது ஒரு ஆப்பு, அதுதான் கீ. வண்டி போகப் போக அது கழண்டு வெளிய வரும். அத சுத்தியல் வச்சு அடிச்சு அடிச்சு உள்ள தள்ளிட்டே தெனமும் தன்னோட பீட், அதாவது தனக்கு ஒதுக்குன தூரம் முழுசையும் நடந்து பாக்குறவருதான் கீமேன். காலையில ஆத்தா குடுக்குற கம்மங்கூழக் குடிச்சிட்டு தோள்ல சுத்தியல், ஸ்பேனர், ரெண்டு செவப்புக் கொடி, இடுப்புப் பையில பட்டாசுன்னு கெளம்புவாரு. பட்டாசுன்னா தீவாளிப் பட்டாசு இல்ல, தண்டவாளத்து மேல கட்டி வைக்கிற டெட்டனேட்டர். வண்டிச் சக்கரம் ஏறுனா டமார்னு வெடிக்கும், டிரைவர் முன்னால ஏதோ ஆபத்துன்னு நிறுத்திருவாரு. பிராட்கேஜ்ல லைன் ஒடஞ்சிருந்தா 600 மீட்டர்ல ஒன்னு, 1,200 மீட்டர்ல பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூணுன்னு கட்டணும், இன்னைக்கும் அதான் ரூல்.

லீவு நாள்ல நானும் கூடப் போவேன். அய்யா எனக்கு சொல்லிக் குடுத்த மொத பாடம் தண்டவாளத்தப் பத்தியே இல்ல, கல்லப் பத்தி. "கல்லு வெளுத்திருக்கா பாரு ஏலே" ன்னு சொல்வாரு. ஸ்லீப்பரச் சுத்தி ஜல்லி மாவு பூசுன மாதிரி வெள்ளையா இருந்துச்சுன்னா அந்த ஸ்லீப்பர் அடியில கல்லு சரியா முட்டுக் குடுக்காம தொங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், வண்டி போறப்ப மேலயும் கீழயும் ஆடி ஆடி கல்லோட கல்லு ஒரசி மாவாகுது. பெறகு நான் பி-வேக்கு வந்து லைனோட மேடு பள்ளத்த அளக்குற டிராக் ரெக்கார்டிங் கார் குடுக்குற சார்ட், பெட்டியில வச்சு ஆட்டத்த அளக்குற ஆசிலேஷன் மெஷின் எல்லாம் பாத்தேன். அந்த சார்ட்டுல கூர்முனை நிக்கிற எடத்துக்கு நடந்து போயி பாத்தா பாதிக்கு மேல அங்க கல்லு வெளுத்துதான் இருக்கும்.

அய்யா காலத்து லைனையும் இப்ப இருக்குறதையும் ஒப்பிடவே முடியாது, அத மொதல்ல ஒத்துக்கணும். இப்ப மெயின் லைன்ல போடுற ரெயில் மீட்டருக்கு 60 கிலோ, ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேத்து 120 டன் எஃகு. அதுக்கு அடியில கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர், ஒன்னொன்னும் கால் டன்னுக்கு மேல கனம். கீ போயி வளஞ்ச கம்பி மாதிரி எலாஸ்டிக் கிளிப் வந்துருச்சு, ரெயிலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல ரப்பர் பேடு, கிளிப்புக்கு அடியில நைலான் லைனர். பீட்டர்னு ஒரு இரும்புக் கருவி வச்சு எட்டுப் பேரு ஏலேலோ போட்டு ஸ்லீப்பருக்கு அடியில கல்ல அடிச்சு நெருக்குன பேக்கிங்க இப்ப டேம்பிங் மெஷின் செய்யுது, அதோட கம்பிக் கையெல்லாம் ஜல்லிக்குள்ள எறங்கி செகண்டுக்கு 35 தடவ அதிர்ந்துட்டே கல்ல ஸ்லீப்பருக்கு அடியில நெருக்கித் தள்ளும். அந்த வேலையப் பாக்குறப்ப எனக்கு இன்னைக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்.

தம்பி கேட்ட 130-க்கு வர்றேன். ஒரு வளைவ எடுத்துக்குவோம், ஆரம் 875 மீட்டர், நாங்க ரெண்டு டிகிரி வளைவுன்னு சொல்லுவோம். 20 மீட்டர் நூல ரெயிலோட ரெண்டு எடத்துல இழுத்துப் புடிச்சு நடுவுல ஸ்கேல் வச்சா 57 மில்லிமீட்டர் வரும், அப்படித்தான் அளக்குறது. அதுல 110-ல போற வண்டிக்கு உள்பக்க ரெயில விட வெளிப்பக்க ரெயில் 190 மில்லிமீட்டர் ஒசரமா இருந்தாத்தான் கணக்கு நேராகும். ஆனா அப்படிப் போட முடியாது, அதே லைன்ல 50-ல சரக்கு வண்டியும் ஊந்து போகுது, அதுக்கு வேண்டியது வெறும் 39-தான். அதனால 115 பக்கம் வச்சு ரெண்டு பேரையும் சமாளிக்கிறோம், பாக்கி கொறையிறது பயணி ஒடம்பு வெளிப்பக்கம் சாயிற சாய்வுல போயிரும். 130-க்கு அதே வளைவுல 266 வேணும், எந்தப் பக்கம் போட்டுப் பாத்தாலும் ரூல்ல அடங்காது, ஏன்னா ரெயில ஒசத்துறதுக்கு உச்ச வரம்பே 165-தான், மிச்சத்த எல்லாம் பயணி சாயிற சாய்வுலயும் விட முடியாது. வளைவ நேராக்கணும்னா பக்கத்துல இருக்குற காடு கரையெல்லாம் எடுக்கணும். இது ஒரு காரணம். லைன் பிரியிற பாயின்ட்ஸ், கேட்டு, சிக்னல் தூரம், வேலின்னு இன்னும் பல காரணம் இருக்கு, அதெல்லாம் பணமும் வருஷமும் போட்டா தீந்துரும்.

பணம் போட்டாலும் சட்டுனு தீராதது எங்க பக்கத்துல மண்ணு. கரிசல். வெவசாயிக்கு அது தங்கம், ரெயில் லைனுக்கு அத விட மோசமான மண்ணு கெடையாது. கோடையில கை உள்ள போற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் தண்ணியக் குடிச்சு உப்பும். மேல இருந்து வண்டி அழுத்த அழுத்த அந்தச் சேறு ஜல்லிக்கு நடுவுல ஏறி மேல வந்து கக்கும், ஜல்லி கீழ பொதையும். நாம மறுபடி ஜல்லி கொட்டி ஒசத்துவோம், அதுவும் உள்ள போகும். கரைக்குள்ள ஜல்லிக் குழி குழியா உருவாகி அதுல தண்ணி தங்கி நின்னு மண்ண இன்னும் எளக்கும். மேல எவ்வளவு நல்ல ரெயில் போட்டாலும் அடியில தண்ணி நின்னா அது சகதியில வச்ச கட்டிலுதான். புது லைன் போடுறப்ப மேல் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல நல்லா தண்ணி வடியுற சரளைக் கலவைய தடிமனா ஒரு அடுக்கு போட்டு ரோலர் ஓட்டி, மேல்பரப்ப 30-க்கு 1 சரிவா விட்டுத்தான் கட்டுறாங்க, பிளாங்கெட்டுன்னு பேரு. ரெண்டாவது லைனுக்கு அது கெடச்சது. பழைய கரைக்கு அந்தக் கொடுப்பினை கெடையாது, வண்டி ஓடிட்டே இருக்குற லைனுக்கு அடியில மண்ண எப்படி மாத்த முடியும். குறுக்கால கல் வடிகால் வெட்டுறது, சைடு வாய்க்கால தூர் வாருறது, ஜல்லியத் தோண்டிச் சலிச்சுப் போடுறதுன்னு நாங்க செஞ்சதெல்லாம் வைத்தியம்தான், நோய் அங்கயேதான் இருக்கு. பாலத்துல ஏறுறப்ப வந்த அமுக்கும் அதான். பாலம் அஸ்திவாரத்துல நிக்கிது, எறங்காது, அதுக்கு ஒட்டுன கரை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்.

தண்ணிய சாதாரணமா நெனச்சா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. 1956 நவம்பர் 23, விடியிறதுக்கு முன்ன, அரியலூருக்குப் பக்கத்துல மருதையாத்து வெள்ளம் பாலத்தையும் கரையையும் அரிச்சிருச்சு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதுல விழுந்துச்சு. 140 பேருக்கு மேல செத்தாங்க, லால் பகதூர் சாஸ்திரி ரெயில்வே மந்திரி பதவிய விட்டாரு. அய்யா வேலைக்குச் சேந்தப்ப மூத்த மேஸ்திரிங்க அந்த ராத்திரியப் பத்திப் பேசாத மழைக்காலமே கெடையாதாம். மழைக்கால ராத்திரி பேட்ரோல்ல ரெண்டு பீட்டும் சேர்ற எடத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்து பேட்ரோல் புக்க மாத்திக்கிட்டுத்தான் திரும்பணும். பாலத்துத் தூண்ல அபாயக் கோடு வரைக்கும் தண்ணி வந்துச்சான்னு லைட்டடிச்சுப் பாத்துட்டு, சந்தேகமா இருந்தா வண்டிய நிறுத்துறதுக்கு அந்தக் கடைநிலை ஆளுக்கு முழு அதிகாரம் இருக்கு. அதக் கேக்குறப்ப சின்ன வயசுல எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ரெயில் மாறிருச்சு, ஸ்லீப்பர் மாறிருச்சு, மெஷின் வந்துருச்சு. இதெல்லாத்தையும் வச்சு வேல செய்ய வேணுங்கிற ஒன்னு மட்டும் கொறஞ்சுக்கிட்டே போகுது. நேரம். லைன்ல வண்டி இல்லாத நேரம். நாங்க அத பிளாக்குன்னு சொல்லுவோம். காலையில எந்திரிச்சதும் பி-வே ஆளு கண்ட்ரோலுக்கு போன் போட்டு மொதல்ல கேக்குறது, "பிளாக் கெடைக்குமா சார்?" வண்டி கூடக்கூட அதுக்குப் பதில் வர்றது லேட்டாகும். மூணு மணி நேரம் கேட்டா ரெண்டு, ரெண்டு கேட்டா ஒன்னே கால். அதுலயும் மெஷின் ஸ்டேஷன்ல இருந்து கெளம்பி எடத்துக்குப் போயி, கையெல்லாம் எறக்கி, வேல முடிச்சு, மறுபடி எல்லாத்தையும் தூக்கிப் பூட்டிட்டு அடுத்த ஸ்டேஷன் லூப் லைனுக்குள்ள வந்து அடங்குற நேரத்தக் கழிச்சா ஜல்லிக்குள்ள மெஷின் வேல பாக்குற நேரம் ரொம்பக் கொஞ்சம்.

நேரம் கெடச்சா மட்டும் போதாது, சரியான நேரமா கெடைக்கணும். இது வெளிய இருக்குறவங்களுக்குப் புரியிறது கஷ்டம், அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன். முன்னாடி 13 மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் இருக்கும், வெயில்ல ரெயில் நீள்றதுக்கு அந்த எடைவெளி. 20 டிகிரி ஏறுனா 13 மீட்டர் ரெயில் 3 மில்லிமீட்டர் நீளும். அந்த ஜாயிண்ட்டுலதான் தடக் தடக் சத்தம். நெறையப் பேரு அந்தச் சத்தத்த நெனச்சு ஏங்குறாங்க, ஆனா எங்க காதுக்கு அது ஒவ்வொன்னும் ஒரு சம்மட்டி அடி, ரெயில் முனை நசுங்கும், அடியில ஸ்லீப்பர் தொங்கும், போல்ட் ஓட்டையில கீறல் விடும். அதனால இப்ப கிலோமீட்டர் கணக்குல ரெயில வெல்டு வச்சு ஒன்னாக்கிட்டோம், லாங் வெல்டட் ரெயில், எல்.டபிள்யூ.ஆர். அப்ப வெயிலுக்கு நீள வேண்டிய ரெயில் எங்க போகும்? எங்கயும் போகாது. நடுவுல இருக்குற ரெயில ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் சேந்து அசைய விடாமப் புடிச்சு வச்சிருக்கு, நீள முடியாத அந்த வேகம் பூரா ரெயிலுக்குள்ளயே அழுத்தமா அடைஞ்சு கெடக்கும். 60 கிலோ ரெயில்ல ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 1.9 டன். ரெயிலப் பூட்டுறப்ப இருந்த சூட்ட விட 18 டிகிரி ஏறிட்டா ஒரு ரெயிலுக்குள்ள 34 டன், ரெண்டுக்கும் 68. சாத்தூர்ல மே மாசம் காத்து 40 டிகிரின்னா ரெயில் 60 கிட்ட போகும்.

அத்தனையையும் அடக்கி வச்சிருக்குறது ஜல்லிதான். ஸ்லீப்பர் நுனிக்கு வெளிய நேர் லைன்ல 350 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஜல்லித் தோள் இருக்கணும்னு சொல்றது அழகுக்கு இல்ல. ஜல்லியத் தோண்டிட்டா, இல்ல மெஷின் வச்சுக் கலச்சுட்டா, கொஞ்ச நாளைக்கு அந்தப் புடி தளந்து போயிரும். அதனாலதான் ரெயில் சூடு பூட்டுன சூட்டுக்கு மேல 10 டிகிரி தாண்டிட்டா அந்த வேலையத் தொடக்கூடாதுன்னு ரூல் போட்டிருக்கு. கோடையில காலையில ஒன்பது, ஒன்பதரைக்கு மேல எங்க பக்கம் வேல பாக்கவே முடியாது.

நான் வேலைக்கு வந்து நாலாவது வருஷம்னு நெனைக்கிறேன். எந்த செக்ஷன்னு சொல்லல. ஒரு பாலத்து முகப்புல லைன் எறங்கியிருந்துச்சு, ஏழெட்டு ஸ்லீப்பர் தூக்கிப் பேக் பண்ணணும். காலையில ஆறு மணிக்குப் பிளாக் கேட்டிருந்தோம். ஒரு சரக்கு வண்டி லேட்டு, அதுக்குப் பின்னால இன்னொன்னு லேட்டு, தள்ளித் தள்ளி பன்னெண்டே காலுக்குக் குடுத்தாங்க. இத விட்டா இனி நாலு நாளைக்குக் கெடையாதுன்னாங்க. ரெயில்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், 54. அந்த லைன் 43-ல பூட்டுனது. ஒரு டிகிரி கூட. மேஸ்திரி அண்ணாச்சி, எங்கய்யா வயசு அவருக்கு, "வேண்டாம் சார், ரெயில் கொதிக்குது, கல்லத் தொடாதீங்க"ன்னாரு. நான் ஒரு டிகிரிதான அண்ணாச்சி, சீக்கிரம் முடிச்சிருவோம்னு சொன்னேன். சொன்னது நாந்தான்.

தூக்கிப் பேக் பண்ணி முடிச்சோம், தோள் ஜல்லிய முழுசாத் திருப்பிப் போடுறதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு, 20 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு போட்டு லைனக் குடுத்துட்டோம். மொத வண்டி போச்சு. அடுத்ததுக்கு முன்னால கீமேன் மறுபடி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்னு போயிருக்காரு, யாரும் போகச் சொல்லல. அவரு கண்ணு முன்னாலயே லைன் நாலு விரக்கட அகலத்துக்கு பாம்பு நெளிஞ்ச மாதிரி ஒதுங்கி நின்னுருக்கு. கொடியத் தூக்கிட்டு அந்த வெயில்ல வண்டி வர்ற தெசையில ஓடியிருக்காரு. பாசஞ்சர் வண்டி. அந்த எடத்துக்கு கொஞ்ச தூரம் முன்னாலயே நின்னுருச்சு. பெறகு கேஸ் கட்டர் கொண்டு வந்து ரெயில வெட்டி, அடைஞ்சு கெடந்த அழுத்தத்த வெளிய விட்டு, லைன நேராக்கித் துண்டு ரெயில் போட்டு பிளேட் மாட்டி கிளாம்ப் போட்டு அனுப்புறப்ப பொழுது சாஞ்சிருச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு இருந்த ஒரு பாட்டி, "என்ன தம்பி, இம்புட்டு நேரம்"னு கேட்டுச்சு. நான் ஒன்னும் சொல்லல.

அதுக்கப்புறம் மிச்ச சர்வீஸ் பூரா அந்த ஒரு டிகிரிய நான் யாருக்கும் விட்டுக் குடுக்கல. மதியானம் குடுக்குற பிளாக் எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருக்கேன், அதுக்காகத் திட்டும் வாங்கியிருக்கேன். ஆனா இது தனி ஒருத்தர் புடிவாதமா இருந்து தீர்ற விஷயம் இல்ல. டைம்டேபிள் போடுறப்பவே லைனுக்குன்னு நேரம் ஒதுக்கணும், புது வண்டி விடுறப்ப அந்த நேரத்துல கை வைக்கக் கூடாது. 2023-ல ரோலிங் பிளாக்குன்னு மாசக்கணக்குல முன்கூட்டியே பிளாக்கத் திட்டம் போடுறத ரூல்லயே கொண்டு வந்துட்டாங்க. நான் ரிட்டயர் ஆன பெறகு வந்துச்சு, ஆனாலும் அதப் படிச்ச அன்னைக்கு வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். பேப்பர்ல இருக்குற மாதிரியே லைன்லயும் நடக்கணும்.

டபுள் லைன் வந்ததுல இந்த விஷயத்துல பெரிய நிம்மதி, ஒன்ன மூடிட்டு இன்னொன்னுல வண்டி விடலாம். ஆனா அதுலயே ஒரு பயமும் இருக்கு. மூடுன லைன்ல வேல பாக்குறவங்களுக்குப் பக்கத்து லைன்ல வண்டி வரும். டீசல் காலத்துல இஞ்சின் சத்தம் தூரத்துல இருந்தே கேக்கும், எலெக்ட்ரிக் வண்டி கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது, டேம்பிங் மெஷின் பக்கத்துல நின்னா அந்த எரைச்சல்ல எதுவுமே கேக்காது. எங்க கேங்க்ல ஒருத்தர நாங்க அப்படி இழந்தோம். அவரு டிபன் பாக்ஸ அவரு வீட்டம்மா கையில நான்தான் குடுத்தேன். வண்டி வர்றத முன்கூட்டியே எச்சரிக்குற ரக்‌ஷக்னு ஒரு கருவி இப்ப வந்திருக்கு, கையில மாட்டிக்கலாம், அதிரும், சத்தம் போடும். லைன்ல எறங்குற ஒவ்வொரு ஆளுக்கும் அது கெடைக்கணும், புது ரெயில் வாங்குறதுக்கு முன்னால அத வாங்கணும்னு நான் சொல்லுவேன். விசிலும் கொடியும் வச்சுக்கிட்டு ஒருத்தர் லுக்-அவுட் பாக்குறத மட்டும் நம்பி ஆளுங்கள எறக்குற காலம் போயிரணும்.

அந்தத் தம்பி விருதுநகர் தாண்டுனதும் ஹெட்போன மாட்டிக்கிட்டாரு. நான் போன எடுத்து, என்கிட்ட ஜே.இ.யா இருந்து இப்ப அந்த செக்ஷனப் பாத்துட்டு இருக்குற பையனுக்குப் போட்டேன். பாலத்து முகப்புல ஒரு அமுக்கு இருக்குப்பா, அப் லைன்லன்னு சொன்னேன். "தெரியும் சார், கல்லு வெளுத்திருச்சு, கீமேன் முந்தாநாளே சொல்லிட்டாரு, நாளைக்கு மெஷின் வருது"ன்னான்.

"பிளாக்?"

"மூணு மணி நேரம் குடுத்துருக்காங்க சார்."

"எப்போ?"

"ராத்திரி ஒன்னு பத்துல இருந்து."

சரிப்பா, தோள் ஜல்லிய மட்டும் முழுசாப் போட்டுட்டு லைனக் குடுன்னு சொல்லிட்டு வச்சேன்.